வந்து 15 நாள் ஆச்சு, பாம்பு எலியைத் தொடவே இல்லை

2024 நவம்பர் 3, ஞாயிறு (கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த கேள்வி)

அண்ணா, பால் பைத்தான் என்கிற மலைப்பாம்பு வகைக் குட்டி ஒன்று வாங்கினேன். அக்டோபர் 19 அன்று வீட்டுக்கு வந்தது. எடை 112 கிராம். பெயர் பொன்னி, தங்கச்சி வைத்தது. வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்று தடவை எலி வைத்துப் பார்த்துவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. விற்றவரிடம் கேட்டால் வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடு என்கிறார். செய்யலாமா? பயமாக இருக்கிறது.

2024 நவம்பர் 3, இரவு

செய்யாதே தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

112 கிராம் குட்டிக்குத் தாடை எலும்பு ஈர்க்குச்சி மாதிரி. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பக்கத்திலேயே, வாயின் தரையில் திறந்திருக்கிறது. கை பழகாதவர் எலியைத் தள்ளினால் புண் ஆகும், மூச்சும் அடைக்கலாம். எல்லாவற்றையும்விட, எலி என்றாலே பயம் என்று அந்தக் குட்டி பழகிவிடும். அதற்கப்புறம் அதைச் சாப்பிட வைப்பது இன்னும் கஷ்டம்.

15 நாள் என்பது நமக்குத்தான் நீளம். என் பால் பைத்தான் 2019இல் புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்தபோது 61 நாள் சாப்பிடவில்லை. 340 கிராமில் வந்தது 322க்கு இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் அந்த 61 நாளும் நான் செய்யக்கூடாததை எல்லாம் செய்தேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை எலி காட்டினேன். இருக்கிறதா செத்துப் போச்சா என்று ராத்திரி ஒரு மணிக்கு மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். நான் சும்மா இருந்திருந்தால் 61 நாள் ஆகியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு வரை எலி வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் மாற்று. இன்றைக்கு ஒரே ஒரு தடவை, மூடி போட்ட டப்பாவில் விட்டு சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வை. நாளை எண்ணாதே, கிராமை எண்ணு. 112இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 11 கிராம் குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

ஹீட் மேட், அதாவது தொட்டிக்கு அடியில் போடும் மின்சாரச் சூட்டு விரிப்பு பற்றியும் கேட்டிருந்தாய். நம் கடற்கரை ஊரில் சூட்டுக்கு என்ன குறை, அது அவசியமில்லை.

2024 நவம்பர் 4

ஒன்று விட்டுப்போச்சு. பொன்னிக்குக் காகிதம் இருக்கிறதா? பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைக்கு வந்த 30 நாளுக்குள். உனக்கு நவம்பர் 18 கெடு. என்னுடையதை 2020இல், தாமாக முன்வந்து அறிவிக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் ஆறு மாதம் கொடுத்தபோதே பதிந்துவிட்டேன். விற்றவரிடம் அவருடைய பதிவு விவரத்தைக் கேட்டு வாங்கு. தரவில்லை என்றால் அதையும் எழுது, பார்க்கலாம்.

2024 நவம்பர் 6

தம்பி நேற்று எழுதியது: பாட்டி 'பால் பைத்தான்' என்று காதில் வாங்கி, ஒரு கிண்ணத்தில் பசும்பால் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். புற்றுக்குப் பால் ஊற்றிப் பழகிய கை, பாசத்தில் செய்தது. கோபித்துக்கொள்ளாதே. அது ஆங்கிலத்தில் பந்து என்ற பொருளில் வரும் பால், பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பாம்பு என்று சொல்லிப் புரிய வை.

பாம்புக்குப் பால் உணவே இல்லை, அதைச் செரிக்கவும் முடியாது. தாகத்தில் வாடிய பாம்பு எந்த ஈரத்தையும் உறிஞ்சும், அதைப் பார்த்துத்தான் பால் குடிக்கிறது என்கிறோம். கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் வை.

2024 நவம்பர் 10, ஞாயிறு

எடை 111. நல்லது.

முன்பு என்ன தின்றது என்று கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது: விற்றவரிடத்தில் உயிருள்ள சுண்டெலிக் குட்டி. நம் தம்பி வைத்தது உறைந்த பெரிய எலிக் குட்டி. சுண்டெலி வேறு, எலி வேறு, வாசனையே வேறு. இந்தப் பாம்புகள் எதைத் தின்று பழகியதோ அதையே தேடும். இட்லி தின்று வளர்ந்த குழந்தைக்கு முன்னால் திடீரென்று ரொட்டியை வைத்தால் என்ன செய்யும், அப்படி.

உயிருள்ள எலியா, உறைந்ததா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வளர்ந்த உயிருள்ள எலியைப் பாம்புடன் விட்டுவிட்டுப் போகவே கூடாது. பசி இல்லாத பாம்பு திருப்பித் தாக்காமல் கிடக்கும், எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடும். முதுகெலும்பு தெரிகிற அளவுக்குக் கடிபட்ட ஒரு பாம்பைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் உறைந்த சுண்டெலிதான். ஒரு வேளைக்குப் பாம்பின் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் போதும், பொன்னிக்கு 11லிருந்து 16 கிராம்.

அம்மா ஃப்ரீசரில் எலி வைக்க விடமாட்டார் என்கிறாய். என் வீட்டிலும் அதே கதைதான். மூடி இறுக்கமான ஸ்டீல் தூக்கு ஒன்று தனியாக வாங்கி, மேலே பெயிண்டில் கோடு போட்டு வைத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

2024 நவம்பர் 17, ஞாயிறு

இன்றைக்கு மஞ்சக்குப்பம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், பஸ்ஸில் ஒரு மணி நேரம். போயிருக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் எழுதிக்கொண்டே இருந்திருப்போம்.

கண்ணாடித் தொட்டி கூடத்தில், ஃப்ரிட்ஜுக்கு மேல். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர்க் கிண்ணத்தில் சின்னச் சின்ன வளையம் எழுந்தது. தாடையைத் தரையில் வைத்தே அதிர்வை உணர்கிற பிராணி அது. அந்தத் தொட்டியில் படுத்திருப்பது ஓடுகிற லாரியில் படுத்திருப்பது மாதிரிதான். நான்கு பக்கமும் கண்ணாடி, மறைவு என்று இருந்தது ஒரு செருப்புப் பெட்டி. அதற்குள் பொன்னி மாதிரி பத்துப் பேர் படுக்கலாம். அப்பா நல்ல மனிதர், பாம்பைப் பற்றிப் பெருமை அவருக்கு. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வருகிறார்கள், அவரே எடுத்துக் காட்டுகிறார். அதிலும் அக்டோபர் 31 தீபாவளி. வந்து 12 நாள் ஆன குட்டி அன்றைக்கு ராத்திரி எப்படி இருந்திருக்கும்?

தொட்டியின் சுவரில் ஒட்டியிருந்த வெப்பமானி 29 காட்டியது. என்னுடைய ப்ரோபை, அதாவது வயர் முனையால் சூடு பார்க்கும் வெப்பமானியை, பாம்பு படுத்திருந்த இடத்தில் தரையில் வைத்தேன். 25.

இங்கே என்னைத் திருத்திக்கொள்கிறேன். சூட்டுக்கு என்ன குறை என்று 3ஆம் தேதி எழுதினேனே, அது தவறு. மே மாத நினைப்பில் எழுதிவிட்டேன். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் வீட்டுத் தரை ராத்திரி 24, 25க்கு வந்துவிடுகிறது. இந்தப் பாம்புக்கு ஒரு பக்கம் 31, 32, மறுபக்கம் 26, 27 வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அதுவே இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். உடம்பில் சூடு இல்லையென்றால் எலியைத் தின்றாலும் செரிக்காது. அதற்கே அது தெரிந்ததால்தான் தொடவில்லை. நான் சொன்னதை நம்பி ஹீட் மேட் வாங்காமல் இருந்திருக்கிறான் பையன். வருத்தமாக இருக்கிறது. என்னிடம் இருந்த பழைய மேட்டையும், சூடு அளவு தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைப் போடவே கூடாது, அடிவயிறு வெந்துவிடும்.

தொட்டியைப் படுக்கையறை மூலைக்கு மாற்றினோம். மூன்று பக்கம் செய்தித்தாள் ஒட்டினோம். அப்பா கொஞ்சம் முகம் வாடினார், ஆனாலும் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

எடை 109.

2024 நவம்பர் 18

மறைவிடம் பற்றி நேற்று அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

காட்டில் பால் பைத்தான் பகல் முழுக்க எலி வளையிலும் கரையான் புற்றிலும்தான் கிடக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறுகிறது என்று நாம் சொல்வது ஆப்பிரிக்காவிலும் அப்படியே. புற்றுக்குள் உடம்பின் எல்லாப் பக்கமும் மண் தொட்டுக்கொண்டிருக்கும். முதுகுக்கு மேலே வெற்றிடம் இருந்தால் அதற்குப் பாதுகாப்பு தோன்றாது. பாதுகாப்பு தோன்றாத பாம்பு வாயைத் திறக்காது.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளை மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு பழகியவர்கள், இருட்டும் குளிர்ச்சியும் நெருக்கமும் பாம்பை அமைதியாக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் என் பாம்புக்கும் சட்டி யோசனை வந்தது. வில்லியனூரில் ஒரு சின்ன மண்சட்டி வாங்கினேன். கவிழ்த்து, விளிம்பில் அரத்தால் ராவி மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வாசல் வெட்டி, கூர் இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு விரல் போதும் என்று நினைக்காதே. எலியை விழுங்கிய பிறகு வயிறு புடைத்து வாசலில் சிக்கும். என்னுடையது ஒரு தடவை சிக்கியது, சட்டியை உடைத்துத்தான் எடுத்தேன்.

சுருண்டு படுத்தால் சட்டியின் சுவர் உடம்பைத் தொட வேண்டும், அதுதான் அளவு. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றுதான் இருந்தால், ஒளிவதா குளிர் காய்வதா என்று அது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பரிவேஷ் பதிவு நேற்றே முடிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2024 நவம்பர் 20

நெல்லிக்குப்பத்திலிருந்து இன்னொருவர் கேட்கிறார், வயலில் பிடித்த சாரைக் குட்டியை பக்கெட்டில் வைத்திருக்கிறாராம், தவளை போட்டும் தின்னவில்லையாம்.

அதை வைத்திருக்கவே கூடாது ஐயா. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டில் பிறந்தது பக்கெட்டில் எதையும் தின்னாது, பயத்திலேயே மெலிந்து சாகும். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், எங்கே பிடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இன்றைக்கே.

2024 நவம்பர் 22

அவர் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டார். ரொம்ப நன்றி. அன்றைக்கு நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

2024 நவம்பர் 24, ஞாயிறு

ஒரு வாரம் சட்டிக்குள் கிடந்த பிறகு இன்றைக்கு முதல் முயற்சி. தம்பி ஃபோனைத் தரையில் சாய்த்து வைத்துக் காட்டினான்.

இடுக்கியில் சுண்டெலி. பொன்னி தலையை வாசலுக்கு வெளியே இரண்டு அங்குலம் நீட்டியது. நாக்கு வெளியே வந்து, மேலும் கீழும் மெதுவாக ஆடி, உள்ளே போனது. இப்படி ஆறேழு தடவை.   இது விசாரித்தது. எலியின் மூக்குக்கு ஒரு விரல் தூரம் வரை வந்தது. அங்கேயே நின்றது. அப்புறம் அப்படியே பின்வாங்கி உள்ளே போய்விட்டது.

எலியைத் தொட்டுப் பார் என்றேன். ஜில்லென்று இருக்கிறது என்றான். மேல்தோல் நனைந்தும் இருந்தது.

அதன் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகக் குழி இருக்கும், அவற்றால் அது சூட்டை உணர்கிறது. இருட்டில் எலி அதற்குச் சூடான ஓர் உருவமாகத்தான் தெரியும். குளிர்ந்த எலி வாசனை மட்டும் உள்ள கல். முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்று. மறுநாள் சாயங்காலம் ஈரம் புகாத கவரில் போட்டுச் சுடுதண்ணீரில் வை, கொதிநீர் வேண்டாம். உள்ளே முழுக்க இளகின பிறகு, கொடுக்கும் முன் தலையை மட்டும் இன்னொரு தடவை சூடாக்கு, 38, 40 டிகிரி இருக்கட்டும். முடி காய்ந்திருக்கட்டும். மைக்ரோவேவ் கூடாது, எலியின் வயிறு வெடிக்கும்.

எடை 108. ஒரு வாரத்துக்குத் திரும்பக் காட்டாதே. தொடாத எலியைத் திரும்ப உறைய வைக்காதே, புதைத்துவிடு.

2024 நவம்பர் 29

தம்பி நாளைக்கே கொடுக்கலாமா என்கிறான், சாயங்காலம் சட்டி வாசலில் காத்திருக்கிறதாம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம். புயல் நம் பக்கம் வருகிறது, மின்சாரம் போகும். எலியைத் தின்றுவிட்டு உடம்பு குளிர்ந்தால் வயிற்றில் அழுகி வாந்தி எடுக்கும். வாந்தி எடுத்த குட்டிக்கு இரண்டு வாரம் வயிற்றைக் காயப் போட வேண்டும். காலி வயிறு இப்போதைக்குக் காவல்.

2024 டிசம்பர் 4

எழுதவே முடியவில்லை. 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் இங்கேதான் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பழைய தண்ணீர் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, துண்டில் சுற்றி, சட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூன்று மணிக்கொரு தடவை மாற்றினேன். தொட்டியைச் சுற்றிப் போர்வை, மேலே காற்றுக்கு இடம்.

கடலூரில் அதற்கு மேல். சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு தென்பெண்ணையில் வெள்ளம். இரண்டு நாள் ஃபோன் கிடைக்காமல் தவித்துவிட்டேன். இன்று காலை கிடைத்தது. வீடு மாடியில் என்பதால் தண்ணீர் ஏறவில்லை, எல்லோரும் நலம். பாட்டில் மாற்றுகிற வேலையைப் பாட்டியே ஏற்றுக்கொண்டாராம், விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சி. அடிக்கொருதரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டாராம்.

எடை 106. இன்னும் எல்லைக்குள்தான்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு, இரவு 9.40

தின்றுவிட்டது!

கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன். எட்டரைக்கு விளக்கை அணைத்து, பக்கத்து அறை வெளிச்சம் மட்டும். 12 கிராம் சுண்டெலி, தலை சூடாக, வாலைப் பிடித்த இடுக்கி பின்பக்கம். நேராக முகத்துக்கு நீட்டாமல், எலி நடந்து போவது மாதிரி வாசலுக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்தச் சொன்னேன். தலை வெளியே வந்தது. நாக்கு இரண்டு தடவை. அப்புறம் நாக்கு நின்றுவிட்டது. கழுத்து பின்னால் மடிந்து சுருங்கியது. அசையாதே என்று நான் இங்கிருந்து கிசுகிசுக்கிறேன், அவனுக்குக் கேட்டதோ இல்லையோ.

பாய்ந்ததைக் கண் பார்க்கவில்லை. இடுக்கி காலியாக இருந்தது, எலியைச் சுற்றி மூன்று சுருள். ஐந்து நிமிஷம் இறுக்கியது. அப்புறம் தளர்ந்து, மூக்கால் தடவித் தடவித் தலை எங்கே என்று தேடியது. தலைப்பக்கம் கிடைத்ததும் வலது தாடை ஓர் அடி, இடது தாடை ஓர் அடி, எலியின் மேல் நடக்கிற மாதிரி விழுங்கியது. வால் கடைசியாக உள்ளே போனதும் வாயை அகலத் திறந்து இரண்டு கொட்டாவி, கழன்ற தாடையை அதனிடத்தில் பொருத்திக்கொள்ள.

வந்து 50 நாள்.

தொடாதே. 48 மணி நேரம் யாரும் தொடக்கூடாது, அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

2024 டிசம்பர் 9

நேற்றுச் சந்தோஷத்தில் கழன்ற தாடை என்று எழுதிவிட்டேன். தாடை கழலுவதில்லை. கீழ்த்தாடையின் இரண்டு பாதியும் நம்முடையது போல் ஒன்றாக ஒட்டாமல், நீளும் நாரால் இணைந்திருக்கின்றன. அதனால்தான் தனித்தனியாக நகர்கின்றன. கழலுகிறது என்பது பழைய கதை, நானே அதைப் பரப்பக்கூடாது.

இன்னொரு மறுயோசனையும் உண்டு. உயிருள்ளது வேண்டவே வேண்டாம் என்று நவம்பர் 10இல் உறுதியாகச் சொன்னேன். பொன்னி எல்லைக்கு இறங்கியும் தொடவில்லை என்றால், கண் திறக்காத சுண்டெலிக் குட்டியைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். கடித்துக் காயப்படுத்த முடியாத வயது அது. வளர்ந்த எலி விஷயத்தில் என் பேச்சில் மாற்றமில்லை.

வேறு சிலர் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண் பால் படர்ந்த மாதிரி நீலமாக இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடிக்கும் வரை எலி காட்ட வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் உண்ணி. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழ் வந்தாலோ, ஈறு சிவந்து சீழ் இருந்தாலோ சட்டி, சூடு என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். இங்கே குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எதற்கும் முன்கூட்டியே ஃபோன் செய்து, பாம்பு பார்ப்பவர் என்றைக்கு இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

2024 டிசம்பர் 16

இரண்டாவது எலியும் நேற்று உள்ளே போச்சு. இந்தத் தடவை காத்திருக்கவே இல்லை.

2025 ஜனவரி 12, ஞாயிறு

129 கிராம். நேற்று சட்டை உரித்தது, மூக்கு நுனியிலிருந்து வால் வரை ஒரே துண்டாக, கண்ணின் மேல் இருக்கும் மெல்லிய மூடியும் சேர்ந்து வந்திருக்கிறது. ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தம்பி படம் அனுப்பியிருக்கிறான், உரித்த சட்டையைப் பாட்டி செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிட்டாராம், யாரையும் தொட விடவில்லையாம்.

இனி 15 கிராம் சுண்டெலிக்கு மாறலாம். சட்டியும் சிறிதாகப் போச்சு. அடுத்த வாரம் வில்லியனூர் போகிறேன், இரண்டு வாங்கி வருகிறேன்.